மூக்குக்குள் வழி தெரிந்து செல்ல: எண்டோஸ்கோப் சைனஸ் அறுவைக்கும் மண்டையோட்டு அடித்தள அறுவைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டி

எண்டோஸ்கோப் வழியாகச் சைனஸ் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் காற்றறை) அறுவை கற்க வரும் முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த ஃபோர்செப்ஸ் நல்லது, எந்தக் கோணத்து ஸ்கோப் வேண்டும், உறிஞ்சிக்கொண்டே வெட்டும் மைக்ரோடிப்ரைடர் எப்போது கைக்கு வரும் என்றெல்லாம் கேட்பவர்கள், மூக்குக்குள் எதைப் பார்த்து எதைக் கண்டுகொள்வது என்று கேட்பது குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்விக்கானது. சைனஸ்களைச் சுற்றிக் கண்குழி, மூளை, பார்வை நரம்பு, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் உள் கரோடிட் தமனி ஆகியவை சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன; சில இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எலும்புதான் நடுவே நிற்கிறது. இப்போது திரையில் தெரிவது எது, அதற்கு மேலே என்ன, வெளிப்புறம் என்ன, பின்னால் என்ன என்று எந்த நொடியில் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவரே பாதுகாப்பாக அறுவை செய்கிறார்.

வேலூரில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியமாகிறது. குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டை என்று சுற்றுப்புறத்திலிருந்து வருகிற நோயாளிகளோடு, காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களும் நம் ஊர் மருத்துவமனைகளின் வரிசையில் நிற்கிறார்கள். தொலைவிலிருந்து வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வேறோர் இடத்தில் அறுவை செய்துகொண்டு, பாலிப் என்ற சதைவளர்ச்சி மீண்டும் வந்த பிறகு வருகிறவர்கள். அவர்கள் மூக்கில் புத்தகப் படத்தில் இருக்கும் பல அடையாளங்கள் இருக்காது. ஆகவே எந்த அடையாளம் அழியும், எந்த அடையாளம் எத்தனை முறை அறுத்தாலும் அழியாது என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்வதே இங்கே முதல் பாடமாகிறது. கோயனா எனப்படும் மூக்கின் பின்வாசல், மூக்கின் தரை, கன்னத்தில் இருக்கும் மேக்சிலரி சைனஸின் கூரை, மூக்குக்குப் பின்னே ஆழத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸின் முன்சுவர், லாமினா பாபிரேசியா என்ற கண்குழியின் உட்சுவர் ஆகியவை பெரும்பாலும் நிலைத்து நிற்பவை. பக்கச்சுவரின் மெல்லிய எலும்புத் தகடான அன்சினேட், கண்களுக்கு இடையிலுள்ள எத்மாய்டு அறைகளில் ஒன்றான எத்மாய்டு புல்லா, பக்கச்சுவரின் எலும்பு மடிப்புகளில் நடுவிலுள்ள மிடில் டர்பினேட்டின் கீழ்ப்பகுதி ஆகியவை முந்தைய அறுவையில் போயிருக்கக்கூடியவை. பின்வரும் படிகள் முழுவதும் இந்தப் பிரிவினையைச் சுற்றியே அமைகின்றன.

முதல் படி: தியேட்டருக்கு முன் சி.டி. ஸ்கேன்

அறிக்கையைப் படித்துவிட்டு ஸ்கேனைப் பார்க்காமல் விடுகிறவர் அறுவை செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நோயின் அளவைத்தான் அறிக்கை பெரும்பாலும் சொல்லும். உங்கள் கருவிக்கு எங்கே ஆபத்து என்பதை நீங்கள்தான் படத்தில் தேட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்து, கொரோனல் (முகத்துக்கு இணையான), ஆக்சியல் (கிடையான), சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்றம் தரும்) ஆகிய மூன்று திசைகளிலும் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் திரையில் வைத்து, ஒன்றில் சுட்டியை நகர்த்தினால் மற்ற இரண்டில் அது எங்கே போகிறது என்று பார்த்துப் பழகுங்கள்.

கொரோனல் வெட்டுகளில் முன்னிருந்து பின்னாக நகரும்போது முதலில் மணமறியும் நரம்பு இழைகள் ஊடுருவும் கிரிப்ரிஃபார்ம் தகட்டின் ஆழத்தை அளக்க வேண்டும். எத்மாய்டின் கூரையைவிடக் கிரிப்ரிஃபார்ம் தகடு தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் வெளிச்சுவராக நிற்பது லேட்டரல் லாமெல்லா. மண்டையோட்டு அடித்தளத்திலேயே மிக மெல்லிய எலும்பு அதுதான். 1962-இல் கெரோஸ் வகுத்த பிரிவுப்படி பள்ளத்தின் ஆழம் 1 முதல் 3 மி.மீ. என்றால் முதல் வகை, 4 முதல் 7 மி.மீ. என்றால் இரண்டாம் வகை, 8 முதல் 16 மி.மீ. என்றால் மூன்றாம் வகை. ஆழம் கூடக்கூட அந்த மெல்லிய சுவரின் உயரமும் கூடுகிறது; எத்மாய்டுக்குள் வேலை செய்யும் கருவி உட்புறமாகச் சாய்ந்தால் மோதுவது அதன் மீதுதான். இரண்டு பக்கமும் ஒரே ஆழமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வலமும் இடமும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லாமினா பாபிரேசியா. அதில் எங்காவது இடைவெளி இருக்கிறதா, பழைய அடியினாலோ முந்தைய அறுவையினாலோ கண்குழிக் கொழுப்பு எத்மாய்டுக்குள் சரிந்திருக்கிறதா, அன்சினேட் அந்தச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்சினேட் ஒட்டிக் கிடந்தால் முதல் வெட்டிலேயே கண்குழிக்குள் நுழைந்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு முன் எத்மாய்டு தமனியைத் தேடுங்கள். கண்குழியின் உட்சுவரில், கண்ணை அசைக்கும் சுப்பீரியர் ஆப்லிக் தசைக்கும் மீடியல் ரெக்டஸ் தசைக்கும் இடைப்பட்ட உயரத்தில், சிறிய கூம்பு போல எலும்பு எத்மாய்டுப் பக்கம் நீண்டிருக்கும். தமனி வெளியே வரும் இடம் அது. அந்தக் கூம்புக்கு மேலே கண்குழியின் மீதாகக் காற்றறை விரிந்திருந்தால், தமனி கூரையோடு ஒட்டாமல் கீழே தொங்கிக்கொண்டு குறுக்கே ஓடுகிறது என்று பொருள். அந்த நோயாளிக்குக் கூரையருகே எதையும் பிடித்து இழுக்கக் கூடாது.

ஸ்பீனாய்டுக்கு வந்ததும் கொரோனல் வெட்டில் குறுக்கே படுத்த ஒரு தடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தடுப்புக்கு மேலே இருப்பது ஸ்பீனாய்டு அல்ல. பின் எத்மாய்டு அறை ஒன்று ஸ்பீனாய்டுக்கு மேலாகப் பின்னோக்கி வளர்ந்திருக்கிறது. ஓனோடி அறை என்று அழைக்கப்படும் அதன் சுவரில்தான் பார்வை நரம்பு ஓடக்கூடும். ஆக்சியல் வெட்டில் ஸ்பீனாய்டுகளுக்கு இடையிலான தடுப்பு பின்னால் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பாருங்கள். அது நடுவில் முடியாமல் ஒரு பக்கக் கரோடிட் தமனியின் எலும்பு மேட்டில் முடிவது அடிக்கடி காணப்படுவது. அத்தகைய தடுப்பை முறுக்கி ஒடித்தால் தமனியின் சுவரும் கிழியும்.

இவற்றை ஒரு தாளில் எழுதித் தியேட்டரில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். நினைவில் இருக்கிறது என்ற நம்பிக்கை இரத்தம் வரத் தொடங்கியதும் நிற்காது.

இரண்டாம் படி: மேசையில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைப்பக்கம் 15 முதல் 20 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். இரத்தக் கசிவு குறையும். முழுவதும் சிரைவழியாகத் தரும் மயக்கம் கொடுக்க முடியுமா என்று மயக்கவியல் மருத்துவரோடு முதல் நாளே பேசிவிடுங்கள். 1:1000 அட்ரினலின் பஞ்சில் மட்டும் பயன்படுவது. ஊசியில் ஏற்றும் மருந்தோடு அது கலந்துபோகாதபடி நிறச் சாயம் கலந்து, தனிக் கிண்ணத்தில் பெயர் எழுதி வைக்க வேண்டும். துணி போர்த்தும்போது இரண்டு கண்களும் வெளியே தெரியும்படி விடுங்கள். கண்ணை மூடிப் போர்த்திய நோயாளிக்குக் கண் வீங்குவது யாருக்கும் தெரியாது. கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று தொடங்குவதற்கு முன்னரே பார்த்துக் குறித்துவிட்டால், நடுவில் ஐயம் வரும்போது ஒப்பிட ஏதேனும் இருக்கும்.

மூன்றாம் படி: எதையும் வெட்டாமல் ஒரு சுற்று

பூஜ்யம் டிகிரி ஸ்கோப்பை மூக்கின் தரையோடு ஒட்டிக் கொண்டுசெல்லுங்கள். ஒரு பக்கம் மூக்கின் நடுச்சுவரான செப்டம், மறுபக்கம் இன்ஃபீரியர் டர்பினேட், எதிரே கோயனா, அதன் வெளிப்பக்கத்தில் காதுக்குச் செல்லும் யூஸ்டேஷியன் குழாயின் வாய். இந்த வழியில் ஆபத்து இல்லை. வழி தவறிய எவரும் திரும்பி வர வேண்டிய இடமும் இதுதான். கோயனாவின் மேல் வளைவைப் பார்த்தபின் ஸ்கோப்பைச் சற்று மேலே தூக்கினால், செப்டத்துக்கும் மிடில் டர்பினேட்டின் பின்முனைக்கும் இடையே ஸ்பீனாய்டு முன்சுவரை நோக்கிச் செல்லும் குறுகிய வழி தெரியும். பிறகு முன்னே வந்து மிடில் டர்பினேட்டைப் பாருங்கள்.

மிடில் டர்பினேட்டின் இணைப்பை மூன்றாகப் பிரித்து மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்பகுதி செங்குத்தாக மேலேறி மண்டையோட்டு அடித்தளத்தில், லேட்டரல் லாமெல்லாவை ஒட்டிப் பொருந்துகிறது. நடுப்பகுதி வெளிப்புறமாகத் திரும்பி லாமினா பாபிரேசியாவைத் தொடுகிறது. முன் எத்மாய்டையும் பின் எத்மாய்டையும் பிரிக்கும் பேசல் லாமெல்லா இதுவே. பின்பகுதி கிடையாகப் படுத்துப் பக்கச்சுவரோடு சேர்ந்து டர்பினேட்டைத் தாங்குகிறது. டர்பினேட்டை நடுப்பக்கம் தள்ளும்போது மென்மையாகத் தள்ளச் சொல்வதன் காரணம் முன்பகுதியின் இணைப்பில் இருக்கிறது: அங்கே முறுக்கினால் முறிவது மண்டையோட்டின் தரை. பின்பகுதியின் கிடைத்தகட்டை அறுத்துவிட்டால் டர்பினேட் ஆடத் தொடங்கி, வெளிப்புறம் சரிந்து, திறந்த வழிகளையெல்லாம் மறுபடி அடைத்துவிடும்.

நான்காம் படி: அன்சினேட்டும் மேக்சிலரி சைனஸின் இயற்கைத் துளையும்

மிடில் டர்பினேட்டின் முன் இணைப்பிலிருந்து கீழ்நோக்கி இன்ஃபீரியர் டர்பினேட்டின் வேர் வரை பக்கச்சுவரில் ஒரு மேடு இறங்குகிறது. மேக்சிலரி கோடு எனப்படும் இந்த மேட்டுக்குப் பின்னால்தான் அன்சினேட் தொடங்குகிறது. முன்னால் கண்ணீர்ப் பை இருக்கிறது. அன்சினேட் அசையும், இந்த மேடு அசையாது. வளைந்த நுனியுள்ள புரோபால் மெதுவாக அழுத்திப் பார்த்தால் எங்கே மென்மை முடிந்து கடினம் தொடங்குகிறது என்று விரல் உணரும். பேக்பைட்டர் என்ற வெட்டும் கருவியால் பின்னிருந்து முன்னாக வெட்டி வரும்போது கடினமான எலும்பு தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு கடி கடித்தால் கண்ணீர்க் குழாய் காயப்படும், அது துளைக்குச் சில மி.மீ. முன்னால்தான் இருக்கிறது.

அன்சினேட்டின் கீழ்ப்பகுதியை எடுத்தபின் இயற்கைத் துளையைத் தேட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பூஜ்யம் டிகிரி ஸ்கோப்பில் நேராக, வட்டமாக, எளிதில் தெரியும் துளை பெரும்பாலும் பின்புறச் சவ்வில் இருக்கும் துணைத் துளை. இயற்கைத் துளை சாய்ந்து, நீள்வட்டமாக, அன்சினேட்டின் கீழ்ப்பகுதிக்குப் பின்னே ஒளிந்திருக்கும். 30 டிகிரி ஸ்கோப்பை வெளிப்புறம் திருப்பினால்தான் அது முழுதாகத் தெரியும். குண்டு நுனிப் புரோபை இன்ஃபீரியர் டர்பினேட்டின் மேல் விளிம்பை ஒட்டி வைத்து, வெளிப்புறமும் கீழ்நோக்கியும் மெதுவாக அழுத்துங்கள். சரியான இடத்தில் இருந்தால் எதிர்ப்பின்றி நுனி உள்ளே விழும், கூடவே ஒரு காற்றுக்குமிழோ சளியோ வெளியே வரும். மேல்நோக்கி அழுத்தக் கூடாது. மேலே இருப்பது கண்குழி. துணைத் துளையை மட்டும் அகலப்படுத்தி இயற்கைத் துளையைத் தொடாமல் விட்டால், சளிச்சவ்வின் நுண்மயிர்களான சீலியா சளியை இயற்கைத் துளைக்கே கொண்டுபோக, வெளியே வந்த சளி புதிய துளை வழியே திரும்ப உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நோயாளி, அறுவை நன்றாக முடிந்தது என்று எல்லோரும் சொல்லியும், அதே மூக்கொழுக்கோடு திரும்ப வருவார்.

துளை திறந்ததும் உள்ளே நோயை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மேலே பார்த்து சைனஸின் கூரையைத் தேடுங்கள். அது கண்குழியின் தரை. இனி வரும் எல்லாப் படிகளுக்கும் இதுவே உயர அளவு: இந்தக் கூரையின் மட்டத்தில், செப்டத்தை ஒட்டிப் பின்னே சென்றால் நீங்கள் சேருமிடம் ஸ்பீனாய்டாகத்தான் இருக்கும், மூளைக்குள் போக மாட்டீர்கள். அழியாத அடையாளங்களில் நான் மிக அதிகம் நம்புவது இதைத்தான். அன்சினேட், புல்லா, டர்பினேட் எல்லாம் போன மூக்கிலும் மேக்சிலரி கூரை அங்கேயே இருக்கும்.

ஐந்தாம் படி: புல்லா, லாமினா, பேசல் லாமெல்லா

எத்மாய்டு புல்லா முன் எத்மாய்டு அறைகளில் பெரும்பாலும் மிகப் பெரியது, இடம் மாறாதது. அதைக் கீழ்ப்புறமும் உட்புறமுமாகத் திறக்க வேண்டும். பின்னால் இருக்கும் இடைவெளியில் வளைந்த கருவியை நுழைத்து முன்னே இழுத்துத் திறந்தால், சுவரின் தூரத்தை அறிந்த பின்னரே உடைக்கிறீர்கள். புல்லாவின் வெளிச்சுவர் லாமினா பாபிரேசியா. சுத்தப்படுத்தியபின் அது மஞ்சள் சாயலோடு வழுவழுப்பாகத் தெரியும். தடுப்புகளின் எலும்பைப் போல முனை நீட்டி நிற்காது. முட்டை ஓட்டைப் போல அது மெல்லியது. கருவியின் ஒலியே அதில் மாறும். சந்தேகம் வந்தால் உதவியாளரை மூடிய கண்ணிமை மீது விரலால் மெல்ல அழுத்தச் சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள். லாமினாவில் திறப்பு இருந்தால் அந்த இடம் கண்ணோடு சேர்ந்து அசையும். இந்த அழுத்தச் சோதனையை ஒவ்வோர் அறுவையிலும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆபத்து வந்தபின் முதல்முறையாகச் செய்து பார்ப்பவருக்கு அசைவு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

மைக்ரோடிப்ரைடரின் வெட்டும் வாயை ஒருபோதும் லாமினாவை நோக்கித் திருப்பாதீர்கள். அது உறிஞ்சிக்கொண்டே வெட்டுவது. சுவரில் சிறு துளை இருந்தாலும் கொழுப்பையும் அதற்கடுத்த மீடியல் ரெக்டஸ் தசையையும் நொடிகளில் இழுத்துவிடும். அப்படிக் கிழிந்த தசையை முழுமையாகச் சரிசெய்ய முடிவதில்லை. கையால் வெட்டும் ஃபோர்செப்ஸ்களில் தேர்ச்சி பெறாத பயிற்சியாளருக்கு எத்மாய்டில் மைக்ரோடிப்ரைடர் கொடுக்கக் கூடாது என்று நான் கருதுவது இதனால்தான்.

புல்லாவுக்குப் பின்னால் எதிர்ப்படும் தகடு பேசல் லாமெல்லா. அதைக் கீழ்ப்புறமாகவும் உட்புறமாகவும், கிடைப்பகுதிக்குச் சற்று மேலே திறக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அறைகள் பெரிதாகும், தடுப்புகள் குறையும். இங்கே மனம் வேகமெடுக்கும், கை மேல்நோக்கிப் போகும். கூரையோ எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறது: மண்டையோட்டு அடித்தளம் முன்னிருந்து பின்னாகச் சுமார் 15 டிகிரி இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரே உயரத்தில் பின்னே சென்றாலே அதை நெருங்கிவிடுவீர்கள். ஆகவே பின் எத்மாய்டில் மேக்சிலரி கூரையின் மட்டத்தை விட்டு ஏறாமல், அதற்கு நேர் பின்னாலும் உட்புறமும் மட்டுமே முன்னேறுங்கள்.

ஆறாம் படி: ஸ்பீனாய்டின் துளை

பின் எத்மாய்டின் பின்சுவரை உடைத்து ஸ்பீனாய்டுக்குள் போக முயலாதீர்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது ஸ்பீனாய்டாகவும் இருக்கலாம், ஓனோடி அறைக்குள் நிற்கும் பார்வை நரம்பாகவும் இருக்கலாம். பாதுகாப்பான வழி இயற்கைத் துளை. சுப்பீரியர் டர்பினேட்டைக் கண்டு, அதற்கும் செப்டத்துக்கும் இடையே பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் துளை அந்த டர்பினேட்டின் உட்புறத்தில்தான் இருக்கிறது. கோயனாவின் மேல் வளைவிலிருந்து ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. மேலே தேட வேண்டும். பெரியவர்களுக்கு மூக்குத் துவாரத்தின் அடியிலிருந்து 30 டிகிரி சாய்வில் சுமார் 7 செ.மீ. என்பது நினைவில் வைக்கத்தக்க இன்னோர் அளவு. உறிஞ்சு குழாயில் அந்தத் தூரத்தை முன்கூட்டியே குறித்துவைத்தால் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று தெரியும். துளை தெரியவில்லை என்றால் சுப்பீரியர் டர்பினேட்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுக்கலாம். இழுக்கக் கூடாது, அதன் மேல்பகுதியில் மணமறியும் நரம்பு இழைகள் இருக்கின்றன.

செப்டம், கோயனா, மேக்சிலரி கூரை ஆகிய மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் அதுவே ஸ்பீனாய்டு. மூன்றில் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் நிறுத்தி, பின்னே வந்து, முதலிலிருந்து எண்ணுங்கள். துளையைக் கீழ்ப்புறமும் உட்புறமும் அகலப்படுத்துவதே முறை. கீழே துளைக்கும் கோயனாவுக்கும் இடையே ஸ்பீனோபாலடைன் தமனியின் செப்டக் கிளை குறுக்கே ஓடுகிறது. வெட்டுப்பட்டால் அது நன்றாகவே இரத்தம் விடும். பின்னாளில் மண்டையோட்டு அடித்தளத்தை மூடச் செப்டத்திலிருந்து எடுக்கும் சளிச்சவ்வு மடலுக்கு உயிர் கொடுப்பதும் இதே கிளைதான். 2006-இல் ஹடாட், பசகாஸ்டெகி ஆகியோர் விளக்கிய அந்த மடல், மூளைத்தண்டுவட நீர்க் கசிவை அடைக்கும் முறையையே மாற்றியது. பிட்யூட்டரி அறுவைக்கு நரம்பு அறுவை மருத்துவரோடு சேர்ந்து நிற்கப் போகிறவர்கள் அந்தக் கிளையை ஒரு பக்கமாவது காப்பாற்றி வைக்க வேண்டும். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஊர் இந்த வேலூர். இங்கே பயில்கிறவர்கள் அந்தத் துறையினரின் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

ஏழாம் படி: ஸ்பீனாய்டுக்குள்

உள்ளே முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். நடுவில் முன்னோக்கிப் புடைத்திருப்பது, பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் செல்லாவின் தரை. மேலே தட்டையாக இருப்பது பிளானம். கீழே உள்வாங்கியிருப்பது கிளைவஸ். பக்கச்சுவரில் மேலே சாய்வாக ஓடும் மேடு பார்வை நரம்பு, அதற்குக் கீழே அகலமான மேடு கரோடிட் தமனி. இரண்டுக்கும் இடையே ஒரு குழி, ஆப்டிகோ கரோடிட் ரிசெஸ். காற்றறை நன்கு விரிந்த ஸ்பீனாய்டில் இந்தக் குழியைக் கண்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே இனம்காணலாம். காற்றறை விரியாத ஸ்பீனாய்டில் இவை தெரியா. அங்கே கருவி நிற்கும் இடத்தை ஸ்கேனில் காட்டும் நாவிகேஷனும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் இல்லாமல் எலும்பைத் துளைப்பது கூடாது. சிலருக்குத் தமனியின் மீதும் நரம்பின் மீதும் எலும்பே இருக்காது, சளிச்சவ்வு மட்டுமே மூடியிருக்கும். ஆகவே பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் எதையும் இழுக்காமல், தடுப்பு இருந்தால் வெட்டும் கருவியாலோ டிரில்லாலோ குறைக்க வேண்டும். தரையின் வெளிப்பக்கத்தில் ஓடும் விடியன் கால்வாய், அடித்தள அறுவையில் மேலும் பக்கவாட்டில் செல்கிறவர்களைப் பின்னால் கரோடிட் தமனி வளையும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் வழிகாட்டி. கால்வாயின் கீழ்ப்புறமும் உட்புறமும் எலும்பைக் குறைத்துக்கொண்டு பின்னே சென்றால் தமனியை எதிர்பாராமல் தொட மாட்டார்கள்.

எட்டாம் படி: பின்னிருந்து முன்னாகக் கூரையைத் துடைத்தல்

ஸ்பீனாய்டின் கூரையைக் கண்ணால் கண்டபின்தான் மண்டையோட்டு அடித்தளத்தின் உயரம் உங்களுக்குத் தெரிகிறது. இனி அந்த உயரத்தை விடாமல் முன்னோக்கி வந்து, மிச்சமிருக்கும் எத்மாய்டுத் தடுப்புகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பின்னிருந்து முன்னே வரும்போது கூரை உங்களை விட்டு மேலே விலகிச் செல்கிறது. முன்னிருந்து பின்னே போகையில் இருந்த ஆபத்து இந்தத் திசையில் குறைவு. கூரையின் வெளிப்பக்க எலும்பு தடித்தது, உட்பக்கம் மெல்லியது. கருவியின் நுனியை எப்போதும் வெளிப்புறம் சாய்த்து வைத்திருங்கள். மிடில் டர்பினேட்டின் இணைப்புக்கு உட்புறம் போகவே கூடாது.

பெரும்பாலும், நெற்றியிலுள்ள ஃபிரன்டல் சைனஸுக்குச் செல்லும் வழியான ஃபிரன்டல் ரிசெஸுக்குச் சற்றுப் பின்னால், புல்லாவுக்கு மேலே, முன் எத்மாய்டு தமனி பின்வெளிப்புறத்திலிருந்து முன்னுட்புறமாகச் சாய்ந்து குறுக்கே ஓடுவதைக் காண்பீர்கள். அது லேட்டரல் லாமெல்லாவைத் துளைத்து உள்ளே போகும் புள்ளியே அடித்தளத்தின் மிகப் பலவீனமான இடம். தமனி அறுந்தால் அதன் முனை கண்குழிக்குள் சுருங்கிப் போய் அங்கே இரத்தம் கட்டும்.

ஃபிரன்டல் சைனஸைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. அன்சினேட்டின் மேல்முனை லாமினாவில் ஒட்டியிருந்தால் ஃபிரன்டலின் வழி அதற்கு உட்புறம், அடித்தளத்திலோ டர்பினேட்டிலோ ஒட்டியிருந்தால் வெளிப்புறம் என்ற ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, மேலே சொன்ன எட்டுப் படிகளும் கைவந்த பிறகு சாஜிட்டல் வெட்டுகளோடு அதைத் தனியே கற்க வேண்டும்.

அடையாளங்கள் அழிந்த மூக்கில்

முந்தைய அறுவை நடந்தவர்களோடு, இரு நோய்களால் வரும் சிக்கலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வாமைப் பூஞ்சைச் சைனஸ் நோய் நம் பகுதி இளைஞர்களிடம் நன்கு தெரிந்த ஒன்று. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான கெட்டிச் சளி அறைகளை நிரப்பி, அழுத்தத்தால் எலும்பைத் தள்ளி மெலியச் செய்கிறது. ஸ்கேனில் லாமினாவோ கூரையோ காணவில்லை என்று தெரிந்தாலும் கண்குழியின் உறையும் மூளையின் உறையான டூராவும் பெரும்பாலும் முழுமையாகவே இருக்கும்; சளியைக் கழுவி உறிஞ்சி எடுத்தால் போதும், சுவரைச் சுரண்ட வேண்டாம். விரிந்த அறைகள் வழியைப் பெரிதாக்கித் தருவதால் அறுவை எளிது என்ற எண்ணம் வரும். எலும்பு இல்லாத சுவரில் அந்த எண்ணம் ஆபத்தானது.

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோயாளிகள் நாடெங்கும் குவிந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள் என்பதை எல்லோரும் பார்த்தோம். அங்கே டர்பினேட் கறுத்து உணர்வற்றுக் கிடக்கும், வெட்டினாலும் இரத்தம் வராது. உயிரற்ற திசுவை முழுதும் எடுக்க வேண்டியிருப்பதால் அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கையாலேயே நீங்கும். இந்த இரு நிலைகளிலும், பலமுறை அறுத்த மூக்கிலும் தொடங்கும் முறை ஒன்றே: மூக்கின் தரை, கோயனா, மேக்சிலரி கூரை, செப்டத்தை ஒட்டிய ஸ்பீனாய்டுத் துளை, பிறகு கூரையோடு முன்னே. நாவிகேஷன் கருவி இருந்தாலும் இந்த வரிசையை விடாதீர்கள். அதன் துல்லியம் நல்ல நிலையில் சுமார் 2 மி.மீ.; லேட்டரல் லாமெல்லாவின் தடிமன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொடங்கும்போதும் நடுவிலும், தெரிந்த எலும்புப் புள்ளி ஒன்றில் நுனியை வைத்து, திரை காட்டுவது சரிதானா என்று பார்த்துவிட்டே அதை நம்ப வேண்டும்.

எல்லை மீறப்பட்டால்

மஞ்சள் கொழுப்பு திரையில் வந்தால் அதை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். அந்தப் பகுதியை விட்டு விலகுங்கள், அங்கே இறுக்கிப் பஞ்சு அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்த வேண்டாம் என்று நோயாளியிடம் பிறகு சொல்லுங்கள். கண் புடைத்து, இமை இறுகி, கண்மணி விரிந்தால் கண்குழிக்குள் இரத்தம் கட்டுகிறது. மூக்கில் அடைத்த பஞ்சை எடுத்துவிட்டு, கண் மருத்துவரை அழைக்கும்போதே வெளிக்கண்முனையை வெட்டி, கீழ்த் தசைநாரை விடுவித்து அழுத்தத்தை இறக்க வேண்டும். விழித்திரை இரத்தமின்றித் தாங்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி; கண் மருத்துவர் வந்து சேரும்வரை காத்திருப்பதற்குரிய நேரம் அல்ல அது. இதை ஒவ்வொரு முதுநிலை மாணவரும் சவ அறுவைக் கூடத்தில் தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

கூரையருகே இரத்தத்தின் நடுவே தெளிந்த நீர் ஓர் ஓடையாகக் கழுவிக்கொண்டு வந்தால் அது மூளைத்தண்டுவட நீர். உடனே மூத்தவரை அழைத்து, அதே அறுவையிலேயே கண்டு அடைத்துவிட்டால் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். தெரியாமல் விட்டுவிட்டால் மூளையுறைக் காய்ச்சலாகத் திரும்பி வரும். ஸ்பீனாய்டில் கரோடிட் கிழிந்தால் திரை ஒரு நொடியில் சிவக்கும். இரண்டு உறிஞ்சு குழாய்கள், தொடையிலிருந்து எடுத்து நசுக்கிய தசைத் துண்டு, இறுக்கமான அடைப்பு, உடனே ஆஞ்சியோகிராம் என்ற வரிசையை அறுவைக்கு முன்னரே குழுவோடு பேசி, யார் எதைச் செய்வது என்று பிரித்துவைத்திருக்க வேண்டும். செல்லாவைத் திறக்கும் நாட்களில் நோயாளியின் ஒரு தொடையையும் மருந்திட்டுத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டுத்தான் ஸ்கோப்பைக் கையில் எடுக்க வேண்டும்.